முன்னால டேலியா, பின்னால லீக்ஸ்

ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா பக்கம் ஏறி வர்ற சனம் எங்க ரோட்டுல எங்கயாவது ஒரு எடத்துல வேன நிப்பாட்டி எறங்குவாங்க. தேயிலை மலைய ஒரு போட்டோ, கொழுந்து எடுக்கிற பொம்பளைங்கள ஒரு போட்டோ (கேட்டுட்டு எடுக்கிறவங்க கொறவு தான்), அப்புறம் லயத்து (தோட்டத்து ஆளுங்க குடியிருக்கிற வரிசை வீடு) வாசல்ல ஆள் ஒசரத்துக்கு நிக்கிற டேலியாவ ஒரு போட்டோ. "எவ்வளவு அழகா வச்சிருக்காங்க பாருங்க"ன்னு சொல்லிட்டு போயிருவாங்க. தப்பு சொல்லல, அழகா தான் இருக்கும், நாலு பேர் பாக்கணும்னு தானே வாசல்ல வைக்கிறது. ஆனா லயத்த சுத்திக்கிட்டு பின்பக்கம் வந்தா தான் சோத்துக்கு வேண்டியது நிக்கும். லீக்ஸ், கோவா (முட்டைக்கோஸ்), கரட், போஞ்சி (பீன்ஸ்), பீட்ரூட், கொஞ்சம் கிழங்கு (உருளைக்கிழங்கு தான்), கான் (தண்ணி ஓடுற வாய்க்கா) ஓரமா புதினா, கம்பி மேல படர்ந்து கிடக்கிற சௌசௌ. அத யாரும் போட்டோ எடுக்கிறதில்ல.

நாங்க இருந்தது லிந்துலை பக்கம் ஒரு தோட்டத்துல, பேர் வேணாம். பழைய லயம், ஒரு காம்பராவுக்கு (ரூமுக்கு) பத்துக்கு பன்னெண்டு அடி, முன்னால ஒரு இஸ்தோப்பு (திண்ணை). பின்னால கான், கானத் தாண்டி சரிவா ஏறுற ஒரு துண்டு மண்ணு, அதுக்கு மேல தேயிலை. அந்த துண்டு தான் மரக்கறி தோட்டம். யாருக்கும் உறுதி (காணிப் பத்திரம்) கிடையாது, பிளான் கிடையாது, எல்லைன்னா ஒரு கல்லு, ஒரு பழைய தகரம், இல்லன்னா "எங்க அம்மாயி காலத்துல இருந்து இங்கன வரைக்கும் எங்களோடது"ன்னு ஒரு பேச்சு. ஆச்சரியம் என்னன்னா இவ்வளவு லேசான எல்லைய வச்சிக்கிட்டும் சண்டை வர்றது ரொம்ப கொறவு. வந்தாலும் கோழி விஷயத்துல தான் வரும், காணி விஷயத்துல வராது.

ஒரே ஒரு சட்டம் தான் எல்லாருக்கும் தெரியும். மரக்கறி போடலாம், பூ வைக்கலாம், மரம் வைக்கக் கூடாது. எழுதி ஒட்டின சட்டம் எல்லாம் இல்ல. பழைய கணக்கப்புள்ள ஒருத்தர் அந்தப் பக்கம் வரும்போது ஏதாவது பட்டர்புரூட் (அவகாடோ) கன்னு மொழங்கால் ஒசரத்துக்கு வந்திருக்கிறத பார்த்தா "இது என்ன புள்ள, புடுங்கிருங்க, தொர பார்த்தா என்னத்தான் கேப்பாரு"ன்னு நல்ல மாதிரியா தான் சொல்லுவாரு. கோவா மூணு மாசத்துல முடிஞ்சிரும். மரம் அப்படி இல்ல, அது நின்னுச்சுன்னா காணியில உரிமையும் நின்னுரும்னு ஒரு பயம். சௌசௌ மட்டும் இதுல தப்பிச்ச சரக்கு. ஒரு முழு காய அப்படியே மண்ணுல சாய்ச்சு வச்சா அதுவே மொளச்சு பந்தல் ஏறி வருஷக்கணக்கா காய்க்கும், ஆனா கொடி தானே, அத யாரும் மரம்னு சொல்ல முடியாது. மரத்தக்காளி பாதி மரம் பாதி செடி, அதனால அதையும் கண்டுக்க மாட்டாங்க. எங்க சனம் என்ன நட்டாங்கன்னு பார்த்தா, இந்த மண்ணு இன்னும் எவ்வளவு காலத்துக்கு நம்ம கையில இருக்கும்னு அவங்க போட்ட கணக்கு அப்படியே தெரியும். மூணு மாசத்து கணக்கு, கூடுனா அஞ்சு மாசத்து கணக்கு, அதுக்கு மேல இல்ல.

இந்த மரக்கறி எதுவும் நம்ம ஊரு சரக்கு இல்லங்கிறது ஒரு பக்கம். கோவா, கரட், லீக்ஸ், பீட்ரூட் எல்லாம் வெள்ளக்காரன் தன் சாப்பாட்டுக்கு கொண்டு வந்தது. 1840கள் கடைசியில சாமுவேல் பேக்கர் (பிறகு ஆப்பிரிக்காவுல நைல் ஆத்தோட மூலத்த தேடிப் போனாரே, அவரே தான்) நுவரெலியாவுல இங்கிலாந்து மாதிரியே ஒரு பண்ணை போடணும்னு ஆளு, மாடு, ஆடு, விதை எல்லாம் கப்பல்ல ஏத்திக்கிட்டு வந்தாரு. ஓட்ஸ் போட்டாரு, மரையும் (கடமான்) காட்டுப்பன்னியும் வந்து தின்னுச்சு. கிழங்கு போட்டாரு, புழு தின்னுச்சு. இத அவரே எழுதி வச்சிருக்காரு. எனக்கு இத படிச்சப்ப ஒரு சின்ன சந்தோசம், தொரமாருக்கும் பன்னி இதே வேலைய தான் காட்டியிருக்கு.

நம்ம ஆளுங்க, இந்தியாவுல இருந்து தோட்ட வேலைக்கு வந்தவங்க, அதுக்கு முன்னாலயே வந்தாச்சு, 1823ல கம்பளைக்கு கிட்ட கோப்பித் தோட்டத்துக்கு வந்ததுல இருந்து தான் கணக்கு சொல்றது, 2023ல இருநூறு வருஷம்னு மன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும் நடந்தும் வந்தாங்க. 1869ல கோப்பிக்கு இலைத்துரு நோய் வந்து கொஞ்ச வருஷத்துல எல்லாம் அழிஞ்சு தேயிலை ஏறுச்சு. தேயிலை வந்த பிறகு ஒவ்வொரு பங்களாவுக்கும் ஒரு மரக்கறி தோட்டம், அதுக்கு ஒரு தோட்டக்காரன். அம்மாவோட தாத்தா அப்படி ஒரு பங்களாவுல தான் வேலை செஞ்சாரு. வீட்ல சொல்ற கதை என்னன்னா, தவறணையில (நாத்து வளக்கிற எடம்) மிச்சம் இருக்கிற நாத்த அவரு தலப்பாவுக்குள்ள வச்சி லயத்துக்கு கொண்டு வருவாராம். களவுன்னு சொன்னா களவு தான். ஆனா குப்பையில கொட்டப் போற நாத்துக்கு களவு என்ன, நியாயம் என்ன. லயத்துக்குப் பின்னால லீக்ஸ் வந்தது தலப்பா வழியா தான்னு அம்மா இன்னைக்கும் பெருமையா சொல்லுவாங்க.

1948ல எங்க சனத்தோட குடியுரிமை போச்சு. 1964ல இலங்கையும் இந்தியாவும் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்து பிறகு லட்சக்கணக்கான சனம் இந்தியாவுக்கு கப்பலேறுச்சு. அம்மாயியோட தங்கச்சி குடும்பமும் அதுல போனது தான், நீலகிரி பக்கம் கூடலூர்ல அரசாங்கத் தேயிலை தோட்டத்துல போய் எறங்குனாங்க. போற அன்னைக்கு பாத்தியில கிழங்கு பாதி வெளஞ்சு கிடந்துச்சாம். அத தோண்டவும் மனசு வரல, விட்டுட்டு போகவும் மனசு வரல. கடைசியில போஞ்சி விதை கொஞ்சத்த மட்டும் முந்தானையில முடிஞ்சிக்கிட்டு போனாங்க. அவங்க துண்டு அம்மாயி கைக்கு வந்துச்சு. எங்க லயத்துல எல்லாருக்கும் பெரிய துண்டா இருக்கிறது அப்படி யாரோ விட்டுட்டு போனதால தான். பெருசா இருக்கேன்னு யாரும் சந்தோசப்பட்டத நான் பார்த்ததில்ல.

1973, 74 பஞ்சத்த அம்மா சின்னப் புள்ளையில பார்த்தவங்க. மா இல்ல, அரிசி இல்ல, தோட்டத்துல வேலையும் கொறச்சுட்டாங்க. வத்தாளங்கிழங்கு (சர்க்கரைவள்ளி) இலை, மரவள்ளி, சௌசௌ கொழுந்து, கடைசியில சௌசௌவோட வேர்க்கிழங்கையும் தோண்டி அவிச்சு தின்னிருக்காங்க. அந்த வேர்க்கிழங்கு நல்லா தான் இருக்கும், மாப்பிடிப்பா இருக்கும், ஆனா அம்மா இப்ப அத தொட மாட்டாங்க. அந்த நேரம் தான் பின்னால இருக்கிற துண்டு எதுக்குன்னு எல்லாருக்கும் விளங்குச்சு. துண்டு இருந்த வீடு கஷ்டப்பட்டு தாண்டிருச்சு, இல்லாத வீட்டுல சாவு விழுந்துச்சு. இதுக்கு மேல அவங்க பேச மாட்டாங்க, நானும் கேக்கிறதில்ல.

சரி, மண்ண பத்தி பேசுவோம், எனக்கு பிடிச்ச விஷயம் அது தான்.

தேயிலைக்கு புளிப்பு மண்ணு வேணும், பிஎச் 4.5ல இருந்து 5.5 வரைக்கும் இருந்தா நல்லா வரும். மரக்கறிக்கு அது ஆகாது, கோவா பீட்ரூட் எல்லாம் 6க்கு மேல கேக்கும். நம்ம துண்டு தேயிலை மலையோட ஓரம், மேல போடுற உரமும் மழையோட எறங்கி வரும், அதனால எப்பவும் புளிச்ச மண்ணு தான். இத கண்டுபிடிக்க மீட்டர் எல்லாம் வேணாம், லயத்து ஓரத்துல ஹைட்ரேன்ஜியா இருந்தா போதும். எங்க வீட்டு மூலையில ஒரு பெரிய புதர் இருந்துச்சு. கான் பக்கம் சாஞ்ச கொப்புல பூ எல்லாம் நல்ல நீலம். சொவரோட ஒட்டி நின்ன பக்கம் ரோஸ் கலரு, நடுவுல ரெண்டுங்கெட்டான் ஊதா. ஒரே புதர் தான். சொவருக்கு வருஷா வருஷம் பொங்கலுக்கு சுண்ணாம்பு அடிப்போம், அது மழையில கரைஞ்சு எறங்குன எடத்துல மண்ணோட புளிப்பு கொறஞ்சிரும். புளிப்பு மண்ணுல அலுமினியம் கரைஞ்சு வேருக்கு கிடைக்கும், பூ நீலமாகும். சுண்ணாம்பு இருந்தா அலுமினியம் கிடைக்காது, பூ ரோஸாகும். சின்ன வயசுல யாரோ ரெண்டு செடி ஒட்டு வச்சிருக்காங்கன்னு தான் நினைச்சேன், ஏ.எல்.லுல (உயர்தர வகுப்புல) கெமிஸ்ட்ரி படிக்கும்போது தான் விஷயம் புரிஞ்சுது, அன்னைக்கு வீட்டுக்கு வந்து புதர சுத்தி சுத்தி வந்தத பார்த்து அப்பா "பரீட்சை பயம் புடிச்சிருச்சு போல"ன்னாரு.

அம்மா கெமிஸ்ட்ரி படிக்கல, ஆனா கோவா நடுறதுக்கு முன்னால அடுப்புச் சாம்பல பாத்தியில தூவாம விட மாட்டாங்க. சாம்பலும் புளிப்ப கொறைக்கிற சாமான் தான். இப்ப நாங்க டொலமைட் வாங்கி நடுறதுக்கு மூணு நாலு கிழமைக்கு முன்னாலயே போட்டு கொத்தி விடுறோம். இது எதுக்குன்னா கோவாவுக்கு வர்ற வேர் வீக்கத்துக்குத்தான். அந்த நோய் புளிப்பு மண்ணுல, அதுலயும் ஈரம் நிக்கிற எடத்துல நல்லா பரவும். பத்து மணி வெயிலுக்கு செடி தலைய தொங்கப் போடும், சாயங்காலம் திரும்ப எந்திரிச்சு நிக்கும், நீங்க தண்ணி பத்தலன்னு நினைச்சு ஊத்திக்கிட்டே இருப்பீங்க. ஒரு செடிய புடுங்கிப் பார்த்தா வேரெல்லாம் இஞ்சிக் கிழங்கு மாதிரி உப்பி முண்டு முண்டா கிடக்கும். அந்த வித்து மண்ணுக்குள்ள பத்து வருஷத்துக்கு மேலயும் உசிரோட கிடக்கும்னா பாத்துக்கங்க. கோவா, நோக்கோல், முள்ளங்கி எல்லாம் ஒரே குடும்பம், ஒன்ன எடுத்துட்டு அடுத்தத அங்கயே வைக்கிறது நோய்க்கு சாப்பாடு போடுற வேலை. அதனால கோவா எடுத்த பாத்தியில போஞ்சி, போஞ்சிக்குப் பிறகு லீக்ஸ், இல்லன்னா கரட்.

கரட்டுக்கு நாத்து கெடையாது, நேரா பாத்தியில தூவணும், மணலோட கலந்து தூவுனா ஒரு எடத்துல குமியாது. மொளைக்க பத்து நாளுக்கு மேல எடுக்கும், அதுக்குள்ள கோழி வராம பாக்கிறது தான் பெரிய வேலை. கல்லு இருந்தா கரட் ரெண்டு கால், மூணு கால் போட்டு வரும், யாவாரி எடுக்க மாட்டான், நம்ம வீட்டு சட்டிக்கு எத்தனை கால் இருந்தா என்ன. லீக்ஸ் அப்படி இல்ல, பொறுமைசாலி, நாத்து போட்டு, புடுங்கி, சாலுல நட்டு, வளர வளர மண்ண அணைச்சுக்கிட்டே வரணும், மண்ணுக்குள்ள இருக்கிற நீளம் தான் வெள்ளையா வரும், அதுக்குத்தான் விலை. நாலு மாசம் அஞ்சு மாசம் ஆகும். மழை, பனி, காத்து எதுக்கும் அசையாது. என்ன கேட்டா மலைநாட்டு மரக்கறியில லீக்ஸ் தான் ராஜா, ஆனா அத சமைக்கத் தெரிஞ்சவங்க கொழும்புல கொறவு, ஃப்ரைட் ரைஸ்ல தூவுறதோட நிப்பாட்டிருறாங்க. வெள்ளைய மட்டும் பொடியா வெட்டி மாசிக்கருவாடு போட்டு சுண்ட வதக்கி ரொட்டியோட தின்னு பாருங்க, பிறகு பேசுவோம்.

கிழங்கு தான் நெஞ்சடைக்க வைக்கிற பயிர். விதைக்கிழங்கு விலையே ஒரு பெரிய செலவு, எங்க பக்கம் கூடுதலா கிரனோலா தான் போடுறது. நட்டு மூணு, மூணரை மாசத்துல கைக்கு வரும், வந்தா. ஜூன் ஜூலையில தென்மேல் பருவ மழையோட மூட்டம் கீழ எறங்கி நாள்கணக்கா நிக்கும் பாருங்க, அப்ப தான் கருகல் வரும். காலையில இலைய திருப்பிப் பார்த்தா அடியில கறுப்பு பொட்ட சுத்தி வெள்ளையா பூஞ்சணம் பிடிச்சிருக்கும். ரெண்டு நாள் மூட்டம் விலகலன்னா மூணாம் நாள் முழு பாத்தியும் வெந்நி ஊத்துன கணக்கா கிடக்கும். 1845ல அயர்லாந்துல கிழங்க அழிச்சு பெரிய பஞ்சத்த கொண்டு வந்தது இதே நோய் தான். பெரிய விவசாயிங்க கிழமைக்கு கிழமை மருந்து அடிச்சு தாக்குப் பிடிக்கிறாங்க. எங்க துண்டுக்கு அது கட்டாது, அதனால மழைக்கு முன்னால எடுத்துர்ற மாதிரி ஜனவரி கடைசி, பெப்ரவரியில போடுறது. அதுலயும் ஒரு வில்லங்கம், ஜனவரி பெப்ரவரியில தான் ராத்திரி வானம் வெளிச்சு பனி கொட்டும், பள்ளமா இருக்கிற பாத்தி மேல புல்லெல்லாம் வெள்ளையா உறைஞ்சு கிடக்கும். வெயில் படுறதுக்கு முன்னால தண்ணி தெளிச்சு கழுவி விட்டா தப்பும், இல்லன்னா வெயில் ஏற ஏற எலை கருகிரும். அம்மா அஞ்சு மணிக்கு பீலியில (ஊத்துத் தண்ணி குழாய்) இருந்து தண்ணி கொண்டு வந்து ஊத்திட்டு தான் தேத்தண்ணி வைப்பாங்க, அதுக்குப் பிறகு பெரட்டுக்கு (காலையில பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற எடம்) ஓடணும். மலையில இருந்து நாலரைக்கு எறங்கி வந்து, இடுப்புல கட்டுன படங்கு கூட கழட்டாம நேரா பாத்திக்கு போயி இருட்டுற வரைக்கும் களை புடுங்குறது தான் எங்க லயத்துல பொம்பளைங்களுக்கு ரெண்டாவது வேலை. ஆம்பளைங்களும் செய்வாங்க, கம்பி முள்ளால மண்ணு குத்துறது, கான் வெட்டுறது, போஞ்சிக்கு டர்பன்டைன் மரத்து கம்பு வெட்டிட்டு வர்றது. தினம் தினம் குனியுற வேலைய செய்றது யாருன்னு கேட்டா பதில் எல்லாருக்கும் தெரியும்.

2021 மே மாசம் ரசாயன உரத்த ஒரே ராத்திரியில தடை பண்ணாங்க. நாடே இயற்கை விவசாயத்துக்கு மாறணுமாம். இயற்கை உரத்துக்கு நான் எதிரி இல்ல, சின்ன வயசுல இருந்து மாட்டெருவும் காட்டு சூரியகாந்தி தழையும் போட்டு வளத்த துண்டு எங்களோடது. தோட்டத்து ரோட்டோரம் மஞ்சளா பூத்து நிக்கிற அந்த காட்டு சூரியகாந்திய வெட்டி பாத்தியில போட்டு மூடுனா சீக்கிரம் மக்கிரும், தழைச்சத்தும் சாம்பல் சத்தும் நெறைய இருக்கு. ஆனா வீட்டு சட்டிக்கு நாலு பாத்தி போடுறதும் ஒரு நாட்டுக்கே மரக்கறி அனுப்புறதும் ஒன்னா? மாட்டெரு இருக்கிற அளவு தானே இருக்கும். எல்லாரும் ஒரே நேரத்துல கோழி எருவுக்கு ஓடுனாங்க, அதோட விலை ஏறுன வேகத்துக்கு யூரியாவே பரவால்லன்னு ஆகிப் போச்சு. நவம்பர் கடைசியில தடைய எடுத்தாங்க, அதுக்குள்ள ஒரு போகம் போச்சு, எடுத்த பிறகும் உரம் வாங்க டொலர் இல்ல. 2022ல டீசல் இல்லாம லொறி நின்னு போனதால மரக்கறி கொழும்புக்கு போகல. அந்த வருஷம் எங்க லயத்துல வாசல்ல இருந்த பூப்பாத்தியிலயும் கிழங்கு போட்டாங்க, அத வச்சே நிலைமைய நீங்க ஊகிச்சிக்கலாம். டேலியாவ மட்டும் யாரும் புடுங்கல, ஓரமா தள்ளி வச்சாங்க.

மிருகம் ஒரு தனி கதை. காட்டுப்பன்னி ஒரு ராத்திரி வந்தா போதும், கிழங்கு பாத்திய ஏர் உழுத மாதிரி ஆக்கிட்டு போயிரும். முள்ளம்பன்னி கிழங்க தேடித் தேடி தின்னும், குரங்கு போஞ்சிய பாதி கடிச்சிட்டு வீசும் (அந்த பாதி தான் ஆத்திரத்த கெளப்பும்), காட்டோரமா இருக்கிற துண்டுக்கு மரையும் வரும். பழைய சீலைய வேலி சுத்தி கட்டுறது தான் எங்க வழி, மனுச வாடைக்கும் காத்துல ஆடுறதுக்கும் பன்னி கொஞ்ச நாள் தயங்கும், பிறகு அதுவும் பழகிரும், அப்ப வேற கலர் சீலை மாத்தணும். சில ஆளுங்க கம்பிச் சுருக்கு வைக்கிறாங்க. 2020 மே மாசம் நல்லதண்ணி பக்கம் அப்படி ஒரு சுருக்குல கருஞ்சிறுத்தை ஒன்னு மாட்டி செத்துச்சு, பேப்பர் எல்லாம் வந்துச்சு. பன்னிக்கு வச்சது தான், ஆனா சுருக்குக்கு பன்னி எது சிறுத்தை எதுன்னு தெரியுமா? நாலு கிலோ கிழங்கு போனா போகட்டும், சுருக்கு மட்டும் வேணாங்கிறது எங்க வீட்டு முடிவு.

இனி முன்பக்கத்துக்கு வருவோம். டேலியா யாரும் கடையில காசு குடுத்து வாங்குற பூ இல்ல. கிழங்கா கை மாறும். ஒரு வீட்டு பொண்ணு இன்னொரு தோட்டத்துக்கு கல்யாணம் பண்ணி போனா பெட்டியில ரெண்டு டேலியா கிழங்கும் போகும். குடுக்கிறவங்க நல்ல மனசா இல்லையான்னு அந்த கிழங்க பார்த்தே சொல்லிரலாம். டேலியா கிழங்குல உருளைக்கிழங்கு மாதிரி மேலெல்லாம் கண்ணு இருக்காது. பழைய தண்டோட ஒட்டுற கழுத்துல மட்டும் தான் மொளை இருக்கும். கழுத்து இல்லாம ஒடைச்ச கிழங்கு எவ்வளவு பருமனா இருந்தாலும் மண்ணுக்குள்ள அப்படியே கிடந்து அழுகிரும். தண்டுல ஒரு துண்டோட, கழுத்தோட சேர்த்து கத்தியால பிளந்து குடுத்தா தான் அடுத்த வருஷம் பூக்கும். எங்க அம்மாயிக்கு ஒருத்தி மேல கோவம்னா பெரிய பெரிய கிழங்கா பார்த்து கழுத்தில்லாம குடுத்து அனுப்புவாங்களாம். வாங்கிட்டு போனவ கையெடுத்து கும்பிட்டுட்டு போவா, ரெண்டு மாசம் கழிச்சு தான் சங்கதி தெரியும்.

செவ்வந்தியும் போடுவோம், அது மாரியம்மன் திருவிழாவுக்கும் தீவாளிக்கும். மிச்சம் டவுன்ல விக்கலாம், ஆனா மழையில நனைஞ்ச செவ்வந்திக்கு விலை இல்ல. ஏப்ரல்ல நுவரெலியா விக்டோரியா பார்க்குல பூக்கண்காட்சி நடக்கும், வரிசை வரிசையா தொட்டி, கப் எல்லாம் குடுப்பாங்க. 1861ல சிங்கோனா மரத்த பரிசோதிக்கன்னு ஆரம்பிச்ச ஹக்கல பூங்காவும் அந்த நேரம் ரோசாவா பூத்து நிக்கும். போய் பாக்க வேண்டிய எடம் தான் ரெண்டும். அங்க மண்ணு கொத்துற கை யாரோடதுன்னும் ஒரு தடவை கவனிச்சுப் பாருங்க.

விக்கிறத பத்தி அதிகம் சொல்ல இல்ல. சின்ன துண்டுக்காரங்களுக்கு டவுன் கடையும் ரோட்டோர தட்டும் தான். கூட வெளஞ்சா யாவாரி லொறியில போட்டு விடலாம், அது தம்புள்ளைக்கோ கொழும்புக்கோ போகும், அவன் சொன்னது தான் விலை, எல்லாரும் ஒரே நேரத்துல கரட் எடுத்தா கரட் மாட்டுக்கு.

இப்ப நாங்க லயத்துல இல்ல. இந்திய வீட்டுத் திட்டத்துல ஏழு பேர்ச்சஸ் காணியும் 550 சதுர அடி வீடும் கிடைச்சுது. உறுதி வரும் வரும்னு சொல்லிக்கிட்டு இருக்காங்க, ஆனா வீடு இருக்கு, வேலி இருக்கு. ஒரு பேர்ச் 272 சதுர அடி சொச்சம், ஏழுக்கு 1,905 வருது, வீடு போக, படி போக, ரோட்டுக்கு விட்டது போக தோட்டத்துக்கு ஆயிரத்துக்கு கொஞ்சம் கூட கொறைய இருக்கும். கேக்க நல்லா தான் இருக்கு. ஆனா பெக்கோ (மண்ணு வெட்டுற மெஷின்) வச்சு மலைய வெட்டி மட்டம் பண்ணதுல மேல்மண்ணு எல்லாம் கீழ பள்ளத்துக்கு போயிருச்சு, மிஞ்சினது மஞ்சளும் செவப்பும் கலந்த களி, மழை பேஞ்சா வழுக்கும், காஞ்சா அலவாங்கு (கடப்பாரை) தான் எறங்கும். மொத வருஷம் அதுல முள்ளங்கி கூட வரல. அம்மா ஞாயித்துக்கிழமைகள்ல பழைய லயத்துக்கு போயி எங்க துண்டுல இருந்து மண்ண மா சாக்குல கட்டி த்ரீவீல்ல ஏத்திட்டு வந்தாங்க. "மூணு தலைமுறை சாணி போட்ட மண்ணு, அத வேற எவனுக்கோ விட்டுட்டு வரணுமா"ன்னாங்க. நான் கோவா போட்ட பாத்தி பக்கம் மட்டும் போக விடல, வேர் வீக்கமும் சாக்குலயே குடி வந்துரும். போஞ்சி பாத்தி, லீக்ஸ் பாத்தி மண்ணு மட்டும் தான் எடுத்தது. அதுக்கு மேல சூரியகாந்தி தழை, அடுப்புச் சாம்பல், பக்கத்து வீட்டு மாட்டெரு, டொலமைட். இப்ப ஒரு சாண் ஆழத்துக்கு கறுப்பு மண்ணு வந்திருக்கு, அதுக்கு கீழ தோண்டுனா அதே மஞ்ச களி தான்.

குடி வந்த மொத மழைக்கு அம்மா நட்டது லீக்ஸும் இல்ல, கோவாவும் இல்ல. நுவரெலியா டவுன்ல ஒட்டு கட்டின பியர்ஸ் கன்னு ஒன்னு வாங்கிட்டு வந்து வாசலுக்கு நேரா, காணியோட நட்ட நடுவுல வச்சாங்க. நான் எவ்வளவோ சொன்னேன், ஏழு பேர்ச்சஸ்ல நடுவுல மரம் வச்சா பாத்திக்கு வெயில் எங்கருந்து வரும், ஓரமா வைங்கன்னு. காதுலயே வாங்கல. காய்க்க எத்தனை வருஷம் ஆகும்னு கேட்டதுக்கு "ஆகட்டுமே, யாரு இங்க அவசரப்படுறா"ன்னாங்க. இப்ப அது அப்பா ஒசரத்த தாண்டிருச்சு, லீக்ஸ் பாத்தியில மத்தியானத்துக்கு மேல நிழல் தான், டேலியா ரெண்டு நிழலுக்கு நீண்டு நீண்டு சாயுது. கொப்ப கொஞ்சம் கழிச்சு விடணும்னு மூணு பேருமே ஒத்துக்கிட்டோம், யாரு கழிக்கிறதுங்கிறதுல தான் தகராறு. அப்பா முப்பது வருஷத்துக்கு மேல தேயிலை கவ்வாத்து (செடிய சீவி வெட்டுறது) பண்ணவரு. போன கிழமை கவ்வாத்து கத்திய தீட்டிக்கிட்டு மரத்துகிட்ட போயி நிக்கிறாரு, அம்மா குசினியில இருந்து கரண்டியோட ஓடி வர்றாங்க.

"இந்தாங்க, கைய எடுங்க. இடுப்பு மட்டத்துக்கு சீவுறதுக்கு இது என்ன தேயிலையா?"

"ஒனக்கு என்ன புள்ள தெரியும், வெட்டுனா தான் கொழுந்து வரும்."

"எனக்கு கொழுந்து வேணாம். காய் வேணும்."

கத்திய இப்ப அம்மா அரிசி வாளிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்காங்க. அப்பாவுக்கு அது தெரியும், அம்மா கோயிலுக்கு போற நாள பாத்துக்கிட்டு இருக்காரு.